கடைசியாகக் கை வைத்தது யார்?

எங்கள் தொழிற்பேட்டை நிறுவனங்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை தரக் கட்டுப்பாட்டுப் பயிலரங்கம் நடத்துவது வழக்கம். இந்த முறை பேச வந்தவர் நன்றாகவே பேசினார். திரையில் வரிசையாக நான்கு படங்கள். மூன்று ராக்கெட்டுகள் அழிந்தவை, நான்காவது சுற்றுப்பாதைக்குப் போனது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1. "மூணு தடவை தோத்தாங்க, ஆனா விடல. நாலாவது தடவை ஜெயிச்சாங்க. தோல்விதான் வெற்றிக்கு முதல் படி" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நான்கு படங்கள் மனதை விட்டுப் போகவில்லை. அந்தக் கதை அப்படி நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தேதிகளும் எண்ணிக்கையும் சரிதான். எது தோற்றது, யார் மேல் பழி விழுந்தது, அந்தப் பழி எப்படி நீங்கியது என்பதெல்லாம் விட்டுப்போயிருந்தது. இயந்திரங்களோடு பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான்.

மூன்று தோல்வி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவை ஒரே தோல்வி மூன்று முறை நடந்ததல்ல. முதலாவது ஒரு பொருளின் தோல்வி. இரண்டாவது, பட்டியலில் இருந்தும் ஒதுக்கப்பட்ட ஓர் ஆபத்து. மூன்றாவது, தரையில் எவ்வளவு சோதித்தாலும் கண்ணில் படாத ஒன்று. இந்த மூன்றையும் விடாமுயற்சி என்ற ஒரு சொல்லால் மூடினால் மூன்றின் பாடமும் அடியில் போய்விடும்.

ஒமெலெக்

பசிபிக் கடலின் நடுவே மார்ஷல் தீவுகளில் குவாஜலின் என்றொரு பவளத்தீவு வளையம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைக் களம். அந்த வளையத்தின் பொட்டுத் தீவுகளில் ஒன்று ஒமெலெக். கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்தில் ஏவுதளம் அமைத்து எஞ்சினை எரித்துச் சோதிப்பது வரை போனவர்கள்தான் ஸ்பேஸ்எக்ஸ்காரர்கள். பக்கத்து ஏவுதளத்தில் உளவு செயற்கைக்கோளோடு ஒரு டைட்டன் ராக்கெட் காத்திருந்தது. புதிய ஆட்களின் புதிய ராக்கெட்டை அதற்கு அருகே பறக்கவிட விமானப்படை விரும்பவில்லை. அதனால்தான் கலிபோர்னியாவிலிருந்து கடல் தாண்டி இவ்வளவு தூரம்.

தீவில் எல்லாமே சிரமம். 2005 நவம்பரில் முதல் முயற்சி, திரவ ஆக்சிஜன் ஆவியாகித் தீர்ந்துபோனதால் நின்றது. டிசம்பரில் ஒரு வால்வு பழுதாகி எரிபொருள் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாக, ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான முதல் அடுக்கின் சுவரே உள்வாங்கி நசுங்கியது. இதற்கிடையே ராக்கெட் மாதக்கணக்கில் உப்புக் காற்றில் நின்றது. நம் கடலோர ஊர்களில் வீட்டுச் சன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2006 மார்ச் 24 அன்று அது கிளம்பியது. 21 மீட்டர் உயரம், ஒரே ஒரு மெர்லின் எஞ்சின், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். எஞ்சின் பற்றிய கணத்திலேயே அதன் மேற்பகுதியில், இருக்கக் கூடாத இடத்தில் தீ பிடித்திருந்தது. அந்தத் தீ, வால்வுகளைத் திறந்து வைத்திருந்த ஹீலியத்தின் அழுத்தத்தை இல்லாமல் செய்தது. வால்வுகள் மூடிக்கொண்டன. ஏறக்குறைய அரை நிமிடத்தில் எஞ்சின் நின்றுபோனது, ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே பவளப்பாறைத் திட்டில் விழுந்து சிதறியது. அமெரிக்க விமானப்படை அகாதமி மாணவர்கள் கட்டிய ஃபால்கன்சாட்-2 என்ற செயற்கைக்கோள் மட்டும் தனியே பறந்து, தீவிலிருந்த ஒரு கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அது வந்திறங்கிய பெட்டியும் அதே கொட்டகையில்தான் இருந்தது.

அந்த நட்டு

இங்கிருந்துதான் பயிலரங்கப் படங்களில் இல்லாத கதை தொடங்குகிறது. எரிபொருள் குழாயோடு அழுத்தமானி ஒன்றை இணைக்கும், நட்டு போட்டுப் பூட்டிய சின்னக் குழாய் இணைப்பில் கசிவு என்று தரவுகள் காட்டின. ஏவுதலுக்கு முந்தைய நாள் அந்த இடத்தில் வேலை நடந்திருந்தது. அங்கே இருந்த ஒரு பெட்டியை எட்டுவதற்காக அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி பூட்டியிருந்தார்கள். இவ்வளவு போதுமே, கதை தானாக எழுதிக்கொண்டது. சில வாரங்களுக்குள் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் எலான் மஸ்க் ஒரு விண்வெளி மாநாட்டில், ஏவுதளத்தில் முந்தைய நாள் நடந்த பணிப் பிழைதான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னத் தீவில் அன்றைக்கு அந்த நட்டில் யார் ஸ்பேனர் போட்டார்கள் என்று தெரியாதவர் யார்?

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலை நினைவுக்கு வரும். ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றில் ஹோஸ் இணைப்பு பிய்த்துக்கொண்டு, சூடான எண்ணெய் பட்டு ஒருவருக்குக் கை வெந்துபோனது. மேலாளர் ஓடி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நைட் ஷிப்ட்ல யாரு? கடைசியா யாரு கை வெச்சது?" பதிவேட்டில் ஒரு ஃபிட்டரின் கையெழுத்து இருந்தது. "சார், நான் டைட் பண்ணி, பிரஷர் போட்டுப் பாத்துட்டுத்தான் சார் போனேன்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. உடைந்த இணைப்பு ஸ்க்ராப் தொட்டிக்குப் போனது, அவருக்கு மெமோ வந்தது. சில மாதங்கள் கழித்து வேறொரு இயந்திரத்தில், அதே லாட்டில் வந்த இணைப்பு, யாரும் தொடாமலே, அதே இடத்தில் பிளந்தது. இந்த முறை யாரோ அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். உள்ளே பழைய விரிசல், கருத்துப்போய் இருந்தது. வந்தபோதே அப்படித்தான் வந்திருக்கிறது. அதற்குள் அந்த அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இருக்கும் ஊருக்குப் போய் யாரும் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒமெலெக்கில் நடந்தது வேறு. ராக்கெட் ஆழ்கடலுக்குப் போகாமல் கரையோரத்தில் விழுந்ததால், நீர் வற்றும் நேரங்களில் ஆட்கள் பாறைத் திட்டில் நடந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். அந்த நட்டு கிடைத்தது. ஆய்வு செய்தபோது அது தளர்ந்து கழன்றிருக்கவில்லை, விரிசல் விட்டிருந்தது. அலுமினிய நட்டு. வானூர்தி வேலையில் எடை குறைவு என்பதற்காக வழக்கமாகப் போடுவது. ஆனால் சில அலுமினியக் கலவைகளுக்கு ஒரு குணம் உண்டு. முறுக்கிப் பூட்டிய இழுவிசை ஒருபக்கம், உப்பு ஈரம் மறுபக்கம் என இரண்டும் சேர்ந்தால், உலோகத்தின் மணித்துகள்களுக்கு இடையேயான எல்லைகளின் வழியே அரிப்பு உள்ளே ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே பிளந்துகொண்டிருக்கும். எவ்வளவு திறமையான கை பூட்டியிருந்தாலும் அது பிளந்திருக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்ப்பா அந்த ஏவுதலின் புரவலர். அவர்கள் தரப்பு ஆய்வும் அரிப்பையே காரணமாகச் சொன்னது. அடுத்த ராக்கெட்டில் அந்த நட்டுகள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறின.

யோசித்துப் பாருங்கள். அந்தத் துண்டு கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பணியாளருக்குக் கூடுதல் பயிற்சி, கூடுதல் கையெழுத்து, ஒருவருக்கு இருவராக மேற்பார்வை. எல்லாம் செய்துவிட்டு, அதே அலுமினிய நட்டைப் போட்டு, அதே உப்புக் காற்றில் அடுத்த ராக்கெட்டையும் மாதக்கணக்கில் நிறுத்தியிருப்பார்கள். யாரோ ஒருவர் மேல் பழி போட்டதும் தேடல் நின்றுவிடுகிறது. தவறான ஆளைத் தண்டிப்பது அநியாயம் என்பது ஒருபக்கம். உண்மையான காரணம் கண்டுபிடிக்கப்படாமல் தப்பித்துவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஏனென்றால் அது திரும்பவும் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. கசிவு, கிளம்பிய பிறகு தொடங்கியதல்ல. ஏவுதலுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் முன்பே, எரிபொருள் வால்வுகள் திறந்ததுமே தொடங்கிவிட்டது. தரவில் அது பதிவாகியும் இருந்தது. அதைப் பார்த்து நிறுத்து என்று கணினிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோவின் எஸ்எல்வி-3 ராக்கெட் விழுந்த கதை நமக்கெல்லாம் மனப்பாடம். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டார், அடுத்த ஆண்டு வெற்றியின்போது திட்ட இயக்குநர் கலாமைப் பத்திரிகையாளர் முன் அனுப்பினார். அந்தப் பெருந்தன்மையை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் அதே நிகழ்வில் கலாம் பல மேடைகளில் சொன்ன முன்பாதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கடைசி நிமிடங்களில் கணினி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. எரிபொருள் கையிருப்பு போதும் என்று வல்லுநர்கள் கணக்கிட்டார்கள், கணினியை மீறி அவர் ஏவ முடிவெடுத்தார். இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது, ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அங்கே கணினி சொன்னது, மனிதர் கேட்கவில்லை. ஒமெலெக்கில் கணினியிடம் கேட்கவே சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் கசிவு தரையில் இருக்கும்போதே தெரிந்திருந்தது. கலாம் தன் முடிவை மறைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்ததை, தவானின் பெருந்தன்மைக்குச் சமமாக நான் மதிக்கிறேன்.

ஸ்பேஸ்எக்ஸ் இந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டது. தானாகச் சரிபார்க்கும் அளவீடுகளைப் பெருமளவு கூட்டினார்கள். 2007 மார்ச்சில் இரண்டாவது ராக்கெட்டின் எஞ்சின் பற்றிய பிறகு, எரியறை அழுத்தம் கொஞ்சம் குறைவு என்று கணினி தானே நிறுத்தியது. மண்ணெண்ணெய் அதிகம் குளிர்ந்திருந்ததுதான் காரணம். அதைச் சூடேற்றி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் மறுபடி ஏவினார்கள். எனக்கு ஃபால்கன் 1 கதையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். எந்தப் படத்திலும் இது வராது.

பட்டியலில் 11வது

அந்த இரண்டாவது ராக்கெட் 289 கிலோமீட்டர் உயரம் வரை போனது. விண்வெளியைத் தொட்டது, சுற்றுப்பாதையை எட்டவில்லை. அடுக்குகள் பிரியும்போது இரண்டாம் அடுக்கு எஞ்சினின் மணி வடிவ வெளியேற்றுக் குழல் லேசாக உரசியது. பிறகு தொட்டிக்குள் திரவ ஆக்சிஜன் அலம்பத் தொடங்கியது. குறைகுடம் தளும்பும் என்பது இங்கே அப்படியே பொருந்தும்: தொட்டி காலியாக ஆக, அலைக்கு இடம் கூடும், அலை ராக்கெட்டை ஆட்டும், ராக்கெட் தன்னை நிமிர்த்த முயலும், அந்த முயற்சியே அலையை வளர்க்கும். கடைசியில் சுழற்சி கட்டுக்கடங்காமல் போய், எரிபொருள் எஞ்சினுக்கு வராமல், ஏழரை நிமிட அளவில் எல்லாம் முடிந்தது. அலையை அடக்கும் தடுப்புத் தகடுகள் அந்தத் தொட்டியில் இல்லை. ஆபத்துகளின் பட்டியலில் இந்த அலம்பல் இருந்தது, 11வது இடத்தில். முதல் பத்துக்குத்தான் கவனம் கிடைத்தது. தகடு என்றால் எடை, எடை என்றால் கொண்டுபோகும் சரக்கில் குறைவு. அப்படிக் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. அந்த முடிவை எடுத்தவர்களை என்னால் முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. எந்தப் பட்டியலும் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, 2008 ஆகஸ்ட் 3. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எஞ்சின் புதுசு. சுவருக்குள் ஓடும் எரிபொருளே எஞ்சினைக் குளிர்விக்கும் வடிவமைப்பு. எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த வழிகளில் மிஞ்சிய எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து மெல்லிய உந்துதலைக் கொடுத்தது. பிரிந்த முதல் அடுக்கு பின்தங்குவதற்குப் பதில் முன்னேறி, இரண்டாம் அடுக்கை இடித்தது. தரைச் சோதனையில் இது ஏன் தெரியவில்லை? எரியறையில் மிஞ்சியிருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு. கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தமே அதைவிட அதிகம், கிட்டத்தட்ட 15. காற்றுக்கு அடியில் அந்த உந்துதல் அமுங்கிப்போகும். காற்றில்லாத உயரத்தில் மட்டுமே அது தலைகாட்டும். அந்த ராக்கெட்டில் நாசாவின் சிறு செயற்கைக்கோள்களும், விண்வெளி வீரர் கோர்டன் கூப்பர், நடிகர் ஜேம்ஸ் டூஹன் உட்படப் பலரின் அஸ்தியும் இருந்தன. எல்லாம் போயிற்று. திருத்தம் என்னவென்றால், எஞ்சின் நிற்பதற்கும் அடுக்கு பிரிவதற்கும் நடுவே சில நொடிகள் கூடுதலாகக் காத்திருப்பது. வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நான்காவதற்கு யார் காசு கொடுத்தது?

நான்காவது ராக்கெட்டை அவசர அவசரமாக விமானப்படையின் சி-17 சரக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனபோது, விமானம் தாழ இறங்குகையில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏற, முதல் அடுக்கு உள்வாங்கி நசுங்கத் தொடங்கியது. கூட இருந்த பொறியாளர்கள் அழுத்தத்தைச் சமன்செய்ய வழி திறந்தார்கள், விமானிகள் மறுபடி மேலே ஏற்றினார்கள். அந்த அடுக்கைத் தீவிலேயே பிரித்து, சரிசெய்து, 2008 செப்டம்பர் 28 அன்று ஏவினார்கள். எந்த வாடிக்கையாளரின் செயற்கைக்கோளும் இல்லை. 165 கிலோ எடையுள்ள ஓர் அலுமினியப் பொம்மைச் சரக்கு மட்டும். சுற்றுப்பாதையை எட்டியது. அதே டிசம்பரில் நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

இதைச் சொல்லும்போது, முதல் ராக்கெட் விழுந்து ஐந்தே மாதத்தில், 2006 ஆகஸ்டில், நாசா இவர்களுக்கு 27.8 கோடி டாலர் திட்டம் ஒன்றைக் கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஏவுதல்களுக்கு டார்ப்பா பின்னால் நின்றது. மஸ்கின் சொந்தப் பணமும் கடைசி வரை கரைந்தது, உண்மை. ஆனால் மனவுறுதி மட்டும் இருந்து மூன்றாவது தோல்வியோடு பணமும் தீர்ந்திருந்தால், நாம் யாரும் அந்த நான்கு படங்களைப் பார்த்திருக்க மாட்டோம்.

விர்ஜின் ஆர்பிட் நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. முதல் பயணம் தோல்வி, அடுத்த நான்கும் வெற்றி. 2023 ஜனவரி 9 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கிளம்பிய போயிங் 747 விமானம் ராக்கெட்டைக் கடல்மேல் விடுவித்தது. இரண்டாம் அடுக்கின் எரிபொருள் வழியில் ஒரு வடிகட்டி இடம்பெயர்ந்தது. எஞ்சினுக்கு எரிபொருள் குறைந்து, சூடேறி, ஒன்பது செயற்கைக்கோள்களும் போயின. 100 டாலர் பெறுமான ஒரு பாகம் என்று அதன் தலைவரே சொன்னார். காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது, திருத்தமும் தெரிந்தது. ஆனால் பணம் இல்லை. ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு போட்டது. அதன் லாங் பீச் ஆலையை ராக்கெட் லேப் என்ற இன்னொரு ராக்கெட் நிறுவனம் 1.61 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அங்கே இருந்த பொறியாளர்களுக்கு விடாமுயற்சி குறைவு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ராக்கெட் லேப் நிறுவனத்தின் முதல் கதையும் இங்கே பொருந்துகிறது. 2017 மே 25 அன்று நியூசிலாந்தின் மாஹியாவிலிருந்து கிளம்பிய அவர்களின் எலக்ட்ரான் ராக்கெட் 224 கிலோமீட்டர் உயரத்தில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தது. தரையில், பாதுகாப்புக் கண்காணிப்புக்கு வந்த தரவு அறுந்துபோனது. விதிப்படி பயணத்தை முடித்துவிட்டார்கள். ஒப்பந்ததாரர் ஒருவரின் கருவியில் அமைப்பு தவறாக இருந்தது என்பது பிறகு தெரிந்தது. நிறுவனத்தின் சொந்தக் கருவியில் அதே தரவு முழுசாகப் பதிவாகியிருந்ததால்தான், ராக்கெட் மேல் குற்றமில்லை என்று காட்ட முடிந்தது. ராக்கெட்டில் பெரிதாக எதையும் மாற்றாமலே 2018 ஜனவரியில் அடுத்தது சுற்றுப்பாதைக்குப் போனது. அந்தத் தரவு கையில் இல்லையென்றால், நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் குற்றம் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ், 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதற்கு முன் நான்கு முறை நிறுத்தினார்கள், அதில் ஒன்று கடைசி நொடிகளில். அப்போது எனக்குத் தெரிந்த சிலர் சலித்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு முறையும் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர்களுடைய எஞ்சின் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக அச்சிடப்பட்டது. பூட்டு குறைந்தால் கசியும் இடமும் குறையும் என்பது ஒமெலெக்கைப் படித்த யாருக்கும் சட்டென்று விளங்கும். ஆனாலும் ராக்கெட் முழுவதையும் ஒரே துண்டாக அச்சிட முடியாது. வால்வு இருக்கும், குழாய் இருக்கும், எங்கோ ஒரு நட்டு இருக்கும், அதை இரவு நேரத்தில் ஒருவர் பூட்டுவார். சுற்றுப்பாதைக்கான ராக்கெட்டுகள் இங்கிருந்து தொடர்ந்து கிளம்பும் காலத்தில் ஒன்றிரண்டு கடலில் விழத்தான் செய்யும். அப்படி விழும்போது, துண்டும் தரவும் மேசைக்கு வரும் வரை எந்த மனிதரின் வேலையையும் காரணமாகச் சொல்லாமல் அந்த நிறுவனங்கள் காத்திருக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு, எந்தப் பாகம், எந்த உலோகம், எத்தனையாவது நொடி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் அவர்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள் அதை வாசிப்பார்கள். நான் நிச்சயம் அச்செடுத்து எங்கள் ஷெட் சுவரில் ஒட்டுவேன்.